தூக்கிய வெளிச்சம்

எமிலியானுஸ் வேலை செய்த கப்பல் ஒரு நாட்டுக்கும் போவதில்லை. மொன்றியலில் இருந்து ஆற்றோடு கீழே இறங்கும். ஏரி வரைக்கும் போகும். திரும்பி வரும். அவ்வளவுதான்.

“கப்பல்காரன் எண்டு பேர். ஒரு சிங்கப்பூரைக் கண்டவரே, ஒரு லண்டனைக் கண்டவரே? ஆத்துக்கை மேலையும் கீழையும் ஓடித்திரியிறார், மினிபஸ் மாதிரி.”

அவனுடைய அண்ணன் மனைவி யோசெப்பின் இப்படிச் சொல்லுவாள், பூசை முடிந்து கோவிலின் கீழ்மண்டபத்தில் எல்லாரும் கோப்பி குடிக்கும்போது. சனம் சிரிக்கும். எமிலியானுசும் சிரிப்பான். மச்சாள் தன்னை வைத்துப் பகிடி விடுகிற ஞாயிறுகளில் அவன் இரண்டாவது கோப்பியும் குடிப்பான்.

சிவப்பு உடலும் வெள்ளைத் தலையும் கொண்ட கரையோரக் காவல் கப்பல் அது. அதில் துவக்கு இல்லை. அது யாரையும் துரத்துவதில்லை. ஆற்றில் பெரிய கப்பல்கள் போகிற பாதையின் இரு ஓரத்திலும் மிதவைகள் நிற்கும், ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. சித்திரையில் ஐஸ் உடைந்து போனதும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைப்பார்கள். கார்த்திகையில், ஐஸ் வருவதற்கு முன், ஒவ்வொன்றாகத் தூக்கி வருவார்கள். தூக்காமல் விட்டால் ஐஸ் சங்கிலியை அறுத்து மிதவையைக் கொண்டுபோய்விடும். இடையில் விளக்கு மாற்றுவது, சங்கிலி தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, கப்பல் இடித்து நகர்ந்ததைத் திரும்ப இடத்தில் வைப்பது.

எமிலியானுஸ் பாசையூரில் பிறந்தவன். எண்பத்தாறில் மொன்றியலுக்கு வந்து, ஒரு கிரேக்கரின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். பிறகு தோல்பை தைக்கும் இடத்தில் பிசின் மணத்தோடு சில வருடங்கள். பிரெஞ்சு படித்து, குடியுரிமை எடுத்து, கடைசியில் இந்தக் கப்பலில் தளத்து வேலைக்கு ஏறினான். முதல் நாள் தளத்துக்கு மேலாளான கெய்த்தான் அவனை ஏற இறங்கப் பார்த்து, “உன்னுடைய ஊரில் கடல் இருக்கிறதா?” என்று கேட்டான்.

“எங்களுடைய ஊரில் கடல்தான் இருக்கிறது” என்றான் எமிலியானுஸ்.

அந்தப் பதில் கெய்த்தானுக்குப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அவன் எமில்.

கிரேன் ஒரு மிதவையைத் தூக்கும்போது தண்ணீருக்குள் இருந்த பாதி மெல்ல வெளியே வரும். மேலே பளிச்சென்ற நிறம், கீழே பாசியும் சிப்பியும் நாற்றமும். பிறகு சங்கிலி. சங்கிலியின் முடிவில் ஆற்றின் அடியில் கிடந்த சிமெந்துக் கட்டை. விளக்கின் பக்கத்தில் சிறிய கண் ஒன்று இருக்கும். இருட்டினால் அந்தக் கண் அறிந்து விளக்கைக் கொளுத்தும். பகலில் விளக்கைச் சோதிப்பதென்றால் கண்ணை உள்ளங்கையால் பொத்த வேண்டும். பொத்தினால் பொழுதுபட்டுவிட்டதென்று நினைத்து விளக்கு விழித்துக்கொள்ளும். அந்த வேலையை மட்டும் எமிலியானுஸ் ஒருவருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை.

அண்ணன் பத்திநாதரின் குடும்பம் பல வருடம் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. வன்னி, பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜ், பிறகு மொன்றியல். பார்க் எக்ஸ்ரென்சனில் தன்னுடைய வீட்டின் கீழ்ப்பகுதியில் எமிலியானுஸ் அவர்களை இருத்தினான். கீழே அண்ணன், மச்சாள், மகள் ஜொய்சி. மேலே அவனும் மனைவி அக்னெசும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஜொய்சிக்கு அவன்தான் ஞானத்தகப்பன். தெருவில் இருந்து மேல்வீட்டுக்கு வளைந்து ஏறுகிற இரும்புப் படி மச்சாளின் குசினி யன்னலை உரசிக்கொண்டு போகும். அவளுக்குத் தெரியாமல் யாரும் ஏறவோ இறங்கவோ முடியாது.

பத்திநாதர் கோழி வெட்டும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். இரண்டாவது கோடையில் பாவித்த அலுமினிய வள்ளம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து பின்னொழுங்கையில் நிறுத்தினார்.

“வீட்டிலை ஆக்கள் வந்தால் இருக்கக் கதிரை இல்லை. மனுசன் வள்ளம் வாங்கிக்கொண்டு வாறார்” என்றாள் யோசெப்பின்.

“கதிரை மீன் பிடிக்குமோ?”

“வள்ளத்திலை இருந்து ரீவி பாக்கேலுமோ?”

“ஏன் ஏலாது? ரீவியை இஞ்சாலை திருப்பி வையும்.”

அவர் அந்த ஆற்றை ஒரு நாளும் ஆறு என்று சொன்னதில்லை. ‘கடலுக்குப் போட்டு வாறன்’ என்றுதான் சொல்லுவார். கடலில் இருந்து உள்ளே வரும்போது சிவப்பு வலது பக்கம் நிற்க வேண்டும் என்று எமிலியானுஸ் சொல்லிக் கொடுத்தபோது, “அங்கை இடப்பக்கம். இஞ்ச எல்லாம் மாறித்தான். காரும் அப்பிடித்தான்” என்று தலையை ஆட்டிவிட்டு, அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் பிழை விடவில்லை.

மொன்றியல் தீவின் கிழக்கு முனையில், பொயின்ற்-ஓ-திரம்பிளில், வள்ளம் இறக்குகிற சாய்வு ஒன்று இருக்கிறது. எதிரே சிறு தீவுகள். அவற்றுக்குப் பின்னால் டோறே மீன் படுகிற இடத்தைப் பத்திநாதர் தானாகக் கண்டுபிடித்திருந்தார். திரும்பி வரும் வழியில் ஒரு தீவின் முனையில் தண்ணீருக்கு அடியில் கற்பார், பாறைத் திட்டு. பகலில் தண்ணீரின் நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம். இருட்டில் முடியாது. பாரின் ஓரத்தில் ஒரு சிவப்பு மிதவை நின்றது. அதன் வெளிச்சத்தைச் சுற்றிக்கொண்டு வந்தால் கரைக்கு நேர்வழி.

முதன்முதலாகச் சகோதரர்கள் இருவரும் அந்த வழியாகத் திரும்பி வந்தபோது வெளிச்சம் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. “அது நான் வைச்சது அண்ணை” என்றான் எமிலியானுஸ்.

பத்திநாதர் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அங்கை கடலிலை வெளிச்சத்தைக் கண்டால் நேவி எண்டு ஓடினனாங்கள். இஞ்ச வெளிச்சத்தைப் பாத்து வீட்டை வாறம். என்னடா?”

“ஓம் அண்ணை.”

“தம்பியின்ர வெளிச்சம்.”

அதுவே அதற்குப் பெயராகிவிட்டது. ‘தம்பியின்ர வெளிச்சத்துக்கு அங்காலை ஒரு பெரிய டோறே’ என்று பத்திநாதர் கோவில் மண்டபத்தில் கை விரித்துக் காட்டுவார்.

கப்பலில் இரண்டு கிழமை, வீட்டில் இரண்டு கிழமை. கப்பலில் நிற்கும் நாட்களில் எமிலியானுஸ் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கீழ்வீட்டுக்கு ரெலிபோன் அடிப்பான். இரண்டு றிங். பிறகு வைத்துவிடுவான். ஒருவரும் எடுக்கக் கூடாது. இரண்டு றிங் என்றால் சுகம். அண்ணன் குடும்பம் கொழும்பு லொட்ஜில் இருந்த காலத்துப் பழக்கம் அது. அங்கே ஒரே ரெலிபோன், அதுவும் முதலாளியின் மேசையில். எல்லாருக்கும் ஒவ்வொரு கணக்கு இருந்தது. இவர்களுடையது இரண்டு. மொன்றியலுக்கு வந்த பிறகும் விடவில்லை. யோசெப்பின் இரண்டையும் கேட்டுவிட்டு, “சரி, மினிபஸ் ஓடுது” என்று வேலையைப் பார்ப்பாள். பின்னேரம் அக்னெஸ் ஆஸ்பத்திரிச் சலவை வேலை முடிந்து படியேறும்போது யன்னலுக்குள் இருந்து “அடிச்சவர்” என்று ஒரு குரல் வரும். அக்னெசுக்கு அது போதும்.

கப்பலால் இறங்குகிற நாளில் கீழ்வீட்டில் கூழ். அண்ணன் பிடித்த மீன், மச்சாள் காய்ச்சினது. அதுவும் ஒரு வழக்கம்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம் கார்த்திகையில் கப்பலுக்கு ஏறப் போகும்போது எமிலியானுஸ் சொன்னான்: “உங்கட லைற்றைக் கடைசியாத்தான் தூக்குவம் அண்ணை. மாத முடிவு வரைக்கும் நிக்கும்.”

ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். கீழே ஏரியில் தொடங்கி மேலே வருவார்கள். அந்த வருடம் ஏரியில் காற்று ஓயவில்லை. குளிரும் முந்திக்கொண்டது. கொஞ்ச மிதவைகளோடு அங்கே வேலையை விட்டுவிட்டு, மொன்றியல் பக்கத்தில் இருந்து தொடங்குவது என்று முடிவாயிற்று. கப்பல்களுக்கு வானொலியில் அறிவித்தார்கள். எல்லாம் வழமைபோல நடந்தது. பத்திநாதரின் வள்ளத்தில் வானொலி இல்லை. அவர் கையில் ரெலிபோனும் வைத்திருப்பதில்லை. கடலுக்குப் போகிறவனுக்கு அது என்னத்துக்கு என்பார்.

தீவு முனைச் சிவப்பு மிதவையை ஒரு மந்தாரமான காலையில் தூக்கினார்கள். வானம் இருண்டிருந்ததால் தளத்தில் சரிந்து கிடந்தபோதும் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. எமிலியானுஸ் குனிந்து மின்கம்பியைக் கழற்றினான். விளக்கு நின்றது.

அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்தான். மறுநாள் கழித்து அவன் இறங்குகிற நாள். ஆகவே நாளைப் பின்னேரம் அண்ணன் கூழுக்கு மீன் பிடிக்கப் போவார். இன்றைக்குச் சொன்னால் காணும்.

மத்தியானம் சாப்பிடாமல் பின்தளத்துக்குப் போய் ரெலிபோனை எடுத்தான். இன்றைக்கு வைக்கப் போவதில்லை, மச்சாள் எடுக்கும்வரை அடிக்க விடுவது என்று நினைத்துக்கொண்டு இலக்கத்தை அழுத்தினான். அடித்தது. பிறகு அறுந்தது. காதில் இருந்து எடுத்துப் பார்த்தான். சிக்னல் இல்லை. திரும்ப எடுத்தான், போகவில்லை. முன்தளத்துக்கு நடந்தான். அங்கேயும் இல்லை. கெய்த்தான் விசில் ஊதினான்.

அடுத்த மிதவையின் சங்கிலி அடியில் எதிலோ கொழுவிக்கொண்டு வர மறுத்தது. சங்கிலி இழுபட்டு நிற்கும்போது தளத்தை விட்டு ஒருவரும் போக முடியாது. மத்தியானம் முழுவதும் அதிலேயே போயிற்று. எமிலியானுஸ் பதறவில்லை. அண்ணை நாளைக்குத்தானே போவார்.

சங்கிலி விடுபட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. கையுறையைக் கழற்றி ரெலிபோனை எடுத்தான். இம்முறை தெளிவாக அடித்தது. பலமுறை அடித்த பிறகு யோசெப்பின் எடுத்தாள்.

“என்ன தம்பி, இண்டைக்கு ரெண்டாந்தரமும் அடிக்கிறீர்? கப்பல் சாப்பாடு செமிக்கேல்லையோ?”

“மச்சாள், அண்ணை எங்கை?”

“கடலுக்குப் போட்டார். வேலையிலை மெசின் ஏதோ நிண்டுபோச்செண்டு மத்தியானத்தோடை அனுப்பிப்போட்டாங்களாம். தம்பிக்கு மீன் வேணும், இண்டைக்கே போறன் எண்டு வள்ளத்தைக் காரிலை கொழுவிக்கொண்டு போட்டார்.”

கரையில் வீடுகளின் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

“மச்சாள், வெளிச்சத்தைத் தூக்கிப்போட்டம்.”

“எந்த வெளிச்சத்தை?”

அவன் கப்பல் தலைவர் நிற்கும் மேல்தளத்துக்கு ஓடினான்.

கப்பல் உடனே திரும்பியது. ஒரு வேகப் படகு முன்னால் போயிற்று. ஆற்றில் மூடுபனிப் புகார் இறங்கியிருந்தது. பெரிய விளக்கைப் போட்டுத் தேடிக்கொண்டு போனபோது வள்ளம் பாரின் மேல் கவிழ்ந்து கிடந்தது. மொன்றியல் கரையில் எண்ணெய் சுத்திகரிக்கும் இடங்களின் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்குகள் விட்டு விட்டு எரிந்தன. புகாரில் புகைபோக்கிகள் மறைந்துவிட, விளக்கு மட்டும் தனியாகத் தண்ணீரை ஒட்டி நின்றதுபோல இருந்தது. அண்ணன் எதைப் பார்த்து வள்ளத்தைத் திருப்பினார் என்று எமிலியானுசுக்கு விளங்கிவிட்டது.

தேடிய நேரம் முழுவதும் அந்த மிதவை தளத்தில் சரிந்து கிடந்தது. ஒரு கட்டத்தில் கெய்த்தான் ஒரு தார்ப்பாயை எடுத்து வந்து அதை மூடினான்.

பத்திநாதரின் உடல் அடுத்த நாள் கீழே வெர்ஷேர் கரையில் கிடைத்தது.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் பங்குச் சனம் முழுக்க வந்திருந்தது. யோசெப்பின் பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். எமிலியானுஸ் உள்ளே வந்ததும் எழுந்து நின்றாள்.

“காலமை தூக்கினவர் பொழுதுபடேக்கை சொல்லுறார். கேட்டியளோ சனங்கள்? பொழுதுபடேக்கை!”

ஜொய்சி தாயின் தோளைப் பிடித்தாள். அவள் தட்டிவிட்டாள்.

“மத்தியானம் போன் கையிலை இருந்தது. ரெண்டு றிங் அடிக்க நேரம் இருந்தது. வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்ல நேரம் இல்லை. அந்த ரெண்டையும் கேட்டுப்போட்டு நான் இருந்தனே! அவர் வள்ளத்தைக் கொழுவேக்கை யன்னலாலை சொன்னனே, தம்பி அடிச்சவர், எல்லாம் சுகம், போட்டு வாங்கோ எண்டு. நான்தானே சொன்னனான்!”

அப்போதுதான் எமிலியானுசுக்குத் தெரிந்தது, அறுந்த அழைப்பு கீழ்வீட்டில் எத்தனை தரம் அடித்து அறுந்தது என்று.

அவன் சொல்ல வேண்டியது ஒரு வசனம். மச்சாள், அது சுகம் சொல்ல எடுத்ததில்லை, இதைச் சொல்லத்தான் எடுத்தனான், லைன் அறுந்துபோச்சு. சொன்னால் பழி அவனை விட்டு இறங்கிவிடும். இறங்கி எங்கே போய் ஏறும் என்பதும் தெரிந்தது. ‘நான்தானே சொன்னனான்’ என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். இந்த நிமிடத்தில் அவள் ஏமாற்றப்பட்டவள். கவலையில்லாத ஒருவனின் இரண்டு றிங்கை நம்பியவள். அவன் வாயைத் திறந்தால், எச்சரிக்கை வந்து வீட்டில் அடித்தபோது கையைக் கட்டிக்கொண்டு கேட்டிருந்துவிட்டு, போய் வாருங்கள் என்று புருசனை அனுப்பியவள் ஆகிவிடுவாள்.

அவன் வாயைத் திறக்கவில்லை.

பெட்டியைத் தூக்குகிற நேரம் வழக்கப்படி தம்பி முன்னால் வந்தான். “வேண்டாம்” என்றாள் யோசெப்பின். “இவர் தூக்கினது காணும்.”

பங்கு ஆட்கள் தூக்கினார்கள். அவன் பின்னால் நடந்து போனான்.

அந்தப் பனிக்காலத்தில் எமிலியானுஸ் படியில் சத்தம் போடாமல் ஏறப் பழகினான். இரும்புப் படியில் அது லேசான காரியம் இல்லை. குசினி யன்னலில் புதிதாகத் தடித்த திரை ஒன்று தொங்கியது. தமிழ்ப் பூசைக்குப் போவதை விட்டு, மூலையில் உள்ள கோவிலில் பிரெஞ்சுப் பூசைக்குப் போனான். அங்கே பின்வாங்கில் சில கிழவிகள் இருந்தார்கள். ஒருவருக்கும் அவனைத் தெரியாது. கோப்பி கிடையாது.

முப்பத்தோராம் நாளுக்கு அக்னெஸ் கீழே சமைக்கப் போனாள். அவளை யோசெப்பின் ஒன்றும் சொல்வதில்லை. எண்ணெய் மணத்தோடு திரும்பி வந்து கதிரையில் இருந்தாள்.

“உங்களுக்குக் கொஞ்சம் கொண்டு வரட்டோ எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை” என்றாள்.

“பரவாயில்லை.”

“என்ன பரவாயில்லை? உங்கட சொந்த அண்ணையின்ர சோறு. அண்டைக்கு மத்தியானமும் நீங்கள் சொல்லத்தான் எடுத்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். அந்த மனுசிக்குத் தெரியாது. நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்.”

“நீ சொல்ல மாட்டாய்.”

“ஏன் சொல்ல மாட்டன்?”

“சொன்னால் அவ எப்பிடி இருக்கிறது அக்னெஸ்?”

“அப்ப நீங்கள் எப்பிடி இருக்கிறது?”

அக்னெஸ் எழுந்து போய் முகம் கழுவினாள். அவள் சொல்லவில்லை.

வீடு பழைய வீடு. கீழே நடப்பது மேலே கேட்கும். கப்பல் திருத்த வேலைக்கு நின்றதால் எமிலியானுசும் அதிகம் வீட்டில் நின்றான். ஒரு நாள் ஒன்றைக் கவனித்தான். கீழ்வீட்டு ரெலிபோன் ஒரு தரத்துக்கு மேல் அடிப்பதில்லை. முதலில் தற்செயல் என்று நினைத்தான். பிறகு காது அதற்காகவே காத்திருக்கத் தொடங்கியது. எப்போது அடித்தாலும் ஒன்றுதான். சில வேளை அந்த ஒன்றும் முழுதாக அடிக்காது.

ஜொய்சி தாய்க்குத் தெரியாமல் ஒரு பின்னேரம் மேலே வந்தாள். அவளுக்கு ஒரு கார்தெறியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. உடுப்பில் நிறச் சோக்கின் தூள் ஒட்டியிருந்தது.

“சித்தப்பா, அம்மா போனைக் கையை விட்டு இறக்கிறா இல்லை. பாத்ரூமுக்கும் கொண்டு போறா. படுக்கேக்கையும் தலைமாட்டிலை. ரெண்டாவது றிங் வர விடமாட்டா. டெலிமார்க்கெட்டிங் ஆளையும் விடுறா இல்லை, ஹலோ ஹலோ எண்டு நிக்கிறா. ஏன் எண்டு கேட்டால் ஏசுறா.”

“என்ன எண்டு ஏசுறா?”

“ரெண்டு அடிச்சால் என்ன எண்டு ஆருக்குத் தெரியும் எண்டு.”

எமிலியானுஸ் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனான். தண்ணீர் கொதித்த பிறகும் அதை இறக்காமல் அடுப்படியில் நின்றான்.

ஜொய்சி போன பிறகு அக்னெஸ் சொன்னாள்: “அவவுக்குள்ளை அது முளைச்சிட்டுது. இனிச் சொல்லுங்கோ. தெரியாமல் அரிச்சு அரிச்சுச் சாகிறதிலும் பார்க்க, தெரிஞ்சு ஒருக்கா அழட்டும்.”

அதில் நியாயம் இருந்தது. அவன் பல நாட்கள் அதை மனதுக்குள் திருப்பிப் பார்த்தான். மாசியில், பங்குனியில், தெருவோரத்தில் பனிக்குவியல் கறுத்துச் சுருங்கும்வரை பார்த்தான்.

சித்திரையில் ஆறு திறந்தது. புதிதாகச் சிவப்புப் பூசிய மிதவை தளத்தில் நிமிர்ந்து நின்றது. தீவு முனையை நெருங்கும்போது கெய்த்தான் வந்தான்.

“எமில், நீ உள்ளே போய் இரு. இதை நாங்கள் வைக்கிறோம்.”

“இல்லை. எனக்கு ஐந்து நிமிடம் தா. ஒரு போன் எடுக்க வேண்டும்.”

கெய்த்தான் கிரேன்காரனுக்குக் கையைக் காட்டி நிறுத்தினான்.

எமிலியானுஸ் பின்தளத்துக்குப் போனான். சொல்லாமல் தூக்கியவன் என்று பெயர் வந்துவிட்டது. வைக்கும்போதாவது சொல்லிவிட்டு வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் நினைத்தது. இன்றைக்குச் சிக்னல் முழுதாக இருந்தது. அழுத்தினான். முதல் றிங் முடியவில்லை.

“ஹலோ.”

“மச்சாள். நான் எமிலியானுஸ்.”

மறுபக்கத்தில் தண்ணீர்க் குழாய் மூடுகிற சத்தம்.

“அந்த வெளிச்சத்தைத் திருப்பி வைக்கிறம். இண்டைக்கு. உங்களுக்குச் சொல்ல வேணும் எண்டு…”

“சொல்லியாச்சு.”

ஆனால் அவள் வைக்கவில்லை.

“தம்பி.”

பனிக்காலம் முழுவதும் அவன் கேளாத சொல் அது.

“அண்டைக்கு மத்தியானம் ரெண்டு அடிச்சது.”

“ஓம்.”

“நீர் வைச்சனீரோ, தானாய் அறுந்ததோ?”

கப்பலின் அடியில் தண்ணீர் சலசலத்தது.

“எனக்கு நித்திரை இல்லை தம்பி. ஒவ்வொரு நாளும் அந்த யன்னலடியிலை நிண்டு நான் அவருக்குச் சொல்லுறன், போட்டு வாங்கோ, போட்டு வாங்கோ எண்டு. சுகம் சொல்ல அடிச்சீரோ, இதைச் சொல்ல அடிச்சீரோ? மாதாவாணைச் சொல்லும்.”

ஓம் என்றால் அந்தத் ‘தம்பி’ அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். அவள் அழுவாள், மன்னிப்புக் கேட்பாள், யன்னல் திரை போகும், கூழ் வரும், ஜொய்சியின் கலியாணத்தில் ஞானத்தகப்பனாக அவன் முன்வாங்கில் இருப்பான். அவள் மட்டும் அந்த யன்னலடியிலேயே நின்றுவிடுவாள்.

“சுகம் சொல்லத்தான் மச்சாள். நான்தான் வைச்சனான்.”

“மாதாவாணை?”

பிறந்த நாளில் இருந்து மாதாவின் பெயரில் அவன் பொய் சொன்னதில்லை.

“மாதாவாணை.”

“லைற்றைத் தூக்கினதைச் சொல்ல வேணும் எண்டு உமக்கு ஓடேல்லை?”

“ஓடேல்லை. வேலை மும்முரத்திலை மறந்துபோனன்.”

“மறந்துபோனீர்.”

நீண்ட மூச்சு ஒன்று வந்தது. பாரமான எதையோ தலையில் இருந்து இறக்கி வைக்கிறவர்கள் விடுகிற மூச்சு. அதற்குப் பிறகு வந்த குரலில் அழுகை இல்லை.

“மறந்துபோனீர். அவர் உமக்கு மீன் பிடிக்கப் போனவர். இனி இந்த வீட்டுக்கு எடுக்காதையும். ரெண்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்.”

வைத்துவிட்டாள்.

எமிலியானுஸ் ரெலிபோனை உள்பைக்குள் வைத்துக்கொண்டு தளத்துக்கு வந்தான். மிதவையின் ஏணியில் ஏறி விளக்கின் கண்ணை உள்ளங்கையால் பொத்தினான். விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. தேவைக்கு அதிகமாக அவன் பொத்திக்கொண்டு நின்றதைக் கெய்த்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இறங்கியதும் கிரேன்காரனுக்குக் கை காட்டினான். சிமெந்துக் கட்டை விழுந்தது, சங்கிலி பெரும் சத்தத்தோடு ஓடியது, மிதவை ஒருமுறை தாழ்ந்து எழும்பி ஆடிக்கொண்டு நின்றது.

முறை முடிந்து இறங்கிய அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தான். சத்தமில்லாமல் படியேறினான். அக்னெஸ் சோறு போட்டாள். அவன் முதல் வாய் வைக்கும்போது கீழ்வீட்டில் ரெலிபோன் அடித்தது.

ஒரு தரம். இரண்டு தரம். அவன் கை சோற்றுக் கோப்பையில் நின்றது. பிறகும் அடித்தது. பிறகும் அடித்தது.

“என்ன, மச்சாள் எடுக்கிறா இல்லை?” என்று அக்னெஸ் பதறி எழுந்தாள். “ஒருநாளும் இப்பிடி விடமாட்டாவே.”

“இரு அக்னெஸ். நித்திரையாய் இருப்பா.”

அக்னெஸ் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு மெல்ல இருந்துவிட்டாள்.

“என்ன சொன்னனீங்கள் அவவுக்கு?”

அவன் சோற்றைப் பிசைந்தான். கீழே ரெலிபோன் அடித்து ஓய்ந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.